ஒரு லயமாவது நிக்கட்டும்

நுவரெலியாவுக்கு வர்றவங்க எல்லாரும் அந்தச் செங்கல் தபால் நிலையத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறாங்க. 1894இல் கட்டினது. 2023 நவம்பரில், அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சரியான போராட்டம்தான். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாச்சு. பழைய எஞ்சின்கூட உள்ளே பத்திரமா இருக்கு. தொரை பங்களாக்களையும் இப்போ வாடகைக்கு விடுறாங்க.

அந்த ஸ்டோருக்குக் கொழுந்து எடுத்தவங்க இருந்த லயம்?

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால இஸ்தோப்பு, மேல தகரம், அடுப்புப் புகையில கறுத்த சுவர். இன்னமும் அதுல ஆட்கள் இருக்காங்க. அதனால இதைத் தெளிவாவே சொல்லிடுறோம்: மரபுன்னு சொல்லி ஒரு குடும்பத்தைக்கூட அங்கே இருக்க வைக்கக் கூடாது. 7 பேர்ச் காணி, உறுதி, தனி வீடு, இதெல்லாம் முதல்ல.

எல்லாரும் போன பிறகு இடிப்பாங்க இல்லையா, அப்போ ஹட்டன் பக்கம் ஒண்ணு, தலவாக்கலைப் பக்கம் ஒண்ணுன்னு விட்டுவைக்கணும். கம்பளைக்குக் கிட்ட பழைய லயமொன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்காங்க. ஆக, முடியாத காரியமில்லை.

"அந்தக் கஷ்டத்த எதுக்குக் காட்டணும்?"ன்னு வீட்டுப் பெரியவங்களே கேக்கிறாங்க. நியாயம்தான். ஆனா பங்களாவை மட்டும் பார்த்துட்டுப் போறவன், தேயிலை தானா முளைச்சதுன்னு நினைப்பான்.

அதுவரைக்கும், உங்க லயத்துல எந்தக் காம்பிராவில யார் இருந்தாங்கன்னு எழுதி வையுங்க. செக்ரோலில் பேர் இருக்கும். எந்த அடுப்பு யாரோடதுன்னு இருக்காது.