கையால் எழும் கலை



1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. ஆயினும் கலம், சட்டி என்னும் சொற்களை எந்த எல்லைக்கோடும் பிரிக்கவில்லை. தமிழரும் மலையாளிகளும் அவற்றை இன்றும் அப்படியே வழங்குகின்றனர். சொல் நிலைத்துவிட்டது, அதனைச் செய்யும் கை நிலைக்குமா என்பதே நம் கவலை.

மட்கலம் என்றவுடன் சக்கரமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பெருங்குதிரையை முழுவதும் சக்கரத்தில் வனைய இயலாது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, சிறிது சிறிதாக வைத்துக் கையாலேயே எழுப்ப வேண்டும். கீழ்ப்பகுதி இறுகிய பின்னரே மேற்பகுதியை ஏற்றலாம். அவசரப்பட்டால் பாரம் தாங்காது சரிந்துவிடும். ஈரம் உலராமல் சூளையிலிட்டாலோ, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மண்ணைப் பிளந்துவிடும். ஆகவே பொறுமையும் இக்கலைக்கு ஒரு மூலப்பொருளே.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் சுடுமண் கலையைப் போற்றி வளர்த்த வி. கே. முனுசாமி அவர்கள் 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அதே புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். அங்குப் பயின்ற நம் நாட்டினர் பலர் பெயர்பெற்ற கலைஞராயினர். கடல் கடந்து வந்தவர்க்கும் இம்மண் தொழில் வாழ்நாட் பணியாயிற்று.

இலையும் விதையும் சங்கும் போன்ற வடிவங்களைக் கையால் பிடித்துச் சுட்ட கலங்களை நகரத்துக் கண்காட்சிகளில் கேட்ட விலைக்கு வாங்குவோர் உளர். நம்மூர்ச் சந்தையிலோ, "மண்தானே, இவ்வளவா?" என்று பேரம் பேசுகின்றோம். இரண்டும் ஒரே மண், ஒரே நெருப்பு. விலை குறையக் குறைய, குயவர் வீட்டுப் பிள்ளை வேறு வேலை தேடிச் செல்வதில் வியப்பென்ன? பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நாம் அதனை அறியாதவர் அல்லர்.

வரும் தைப்பொங்கலுக்குப் பானை வாங்கும்போது பேரம் வேண்டா. முடிந்தால் பிள்ளைகளையும் குயவர் இல்லத்துக்கு அழைத்துச் செல்க. ஒரு பிடி களிமண்ணை அவர்கள் கையில் கொடுத்து, ஓர் அகல்விளக்கேனும் செய்யச் சொல்க. அதன் பின் மண்பானையின் விலையைப் பற்றி அப்பிள்ளைகள் ஒருபோதும் வாதாடமாட்டார்கள்.