கோச் கிளம்பியாச்சு... ஆட்டம் இன்னும் பாக்கி!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்தைப் பற்றிய பதிவு அல்ல. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து என்று அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' ஆடுகிறார்களே, காலைவிடக் கைக்கு அதிக வேலை உள்ள ஆட்டம், அதைப் பற்றியது. அதிலும் தொழில்முறை வீரர்களின் என்எஃப்எல் அல்ல. பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் காலேஜ் ஃபுட்பால்.

காலேஜ் ஆட்டம்தானே, மரத்தடியில் நாலு பேர் கைதட்டுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் கவர்னர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். அவ்வளவு பெரிய வியாபாரம்.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சீசனின் முக்கியமான ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே கோச் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம். எந்த விதியும் தடுக்காது. பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியார் போட்டிப் பள்ளியில் சேர்ந்துவிடுவது போல!

ஓல் மிஸ் கதை

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர் ஓல் மிஸ். 2025 சீசனில் 12 ஆட்டங்களில் 11 வெற்றி. நவம்பர் 28 அன்று பரம வைரியான மிசிசிப்பி ஸ்டேட் அணியையும் 38-19 என்று வென்றார்கள். அந்த அணியின் வரலாற்றிலேயே முதல்முறையாக பிளேஆஃப் வாய்ப்பு கையில். ஊரே கொண்டாடியிருக்க வேண்டும்.

இரண்டே நாளில், நவம்பர் 30 அன்று, கோச் லேன் கிஃபின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்எஸ்யூவுக்கு, போவது உறுதியானது. எல்எஸ்யூ தூரத்தில் உள்ள ஏதோ ஓர் அணி அல்ல. அதே எஸ்இசி கான்ஃபரன்ஸில் ஓல் மிஸ்ஸோடு மோதும் பழைய எதிரி. சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். பிளேஆஃப் முடியும்வரை அணியோடு இருக்க கிஃபின் விரும்பினார். எதிரி முகாமுக்குப் போகிறவர் கையில் அணியைக் கொடுக்க ஓல் மிஸ் நிர்வாகம் சம்மதிக்கவில்லை. தடுப்பாட்டப் பிரிவைக் கவனித்து வந்த பீட் கோல்டிங் தலைமை கோச் ஆனார்.

இன்னும் வேடிக்கை, தாக்குதல் பிரிவின் பொறுப்பாளர் சார்லி வைஸ் ஜூனியர் எல்எஸ்யூவில் வேலைக்குச் சேர ஒப்புக்கொண்ட பிறகும் பிளேஆஃபில் ஓல் மிஸ்ஸுக்கு வேலை பார்த்தார். முதல் சுற்றில் எதிரே வந்த டூலேன் அணியின் கோச் ஜான் சம்ரலோ ஃப்ளோரிடா பல்கலைக்கழக வேலையை ஏற்றுக்கொண்டவர். ஆனாலும் சீசன் முடியும்வரை டூலேனோடு இருந்தார். ஒரே மைதானம். ஒரு பக்கம் கோச் போய்விட்டார். இன்னொரு பக்கம் கோச் போகப் போகிறார். நடுவில் இருபது வயதுப் பையன்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஓல் மிஸ் பையன்கள் டூலேனை 41-10 என்று வென்றார்கள். சீசனில் தங்களைத் தோற்கடித்த ஒரே அணியான ஜார்ஜியாவை 39-34 என்று பழி தீர்த்தார்கள். அரையிறுதியில் மயாமியிடம், கடைசி 18 விநாடி இருக்கும்போது கொடுத்த டச்டவுனால், 31-27 என்று தோற்றார்கள்.

"கோச் இல்லாமலே அரையிறுதி வரை போய்விட்டார்களே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று கேட்கலாம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2009இல் சின்சினாட்டி அணி 12 ஆட்டங்களில் 12 வெற்றி. டிசம்பரில் கோச் பிரையன் கெல்லி நோட்டர் டேமுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ஷுகர் பவுல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 51-24 என்று அடி வாங்கினார்கள். அதே கெல்லி 2021இல், நோட்டர் டேம் 11-1 என்று பிளேஆஃபுக்குக் காத்திருந்தபோது, எல்எஸ்யூவுக்குத் தாவினார். ஆக இது கிஃபின் என்ற ஒரு மனிதரின் குணக்கோளாறு அல்ல. இந்த ஏற்பாடே அப்படி.

கேலண்டர் செய்யும் வேலை

அந்தக் காலத்தில் போஸ்ட்சீசன் என்றால் ஒரே ஒரு 'பவுல்' ஆட்டம்தான். 1902இல் கலிஃபோர்னியாவில் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று துவைத்தது. அதுதான் ரோஸ் பவுலின் தொடக்கம். புத்தாண்டையொட்டி ஊர் ஊராக பவுல்கள் முளைத்தன. தேசிய சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகையாளர்களும் கோச்களும் வாக்களித்துச் சொன்னார்கள். 1998 சீசனில் பிசிஎஸ் என்ற ஏற்பாடு வந்து இரண்டு அணிகளை மோதவிட்டது. 2014இல் நான்கு அணி பிளேஆஃப். 2024இல் 12 அணிகள்.

அணிகள் கூடக்கூட நாட்களும் நீண்டன. 2025 சீசனின் இறுதி ஆட்டம் நடந்தது 2026 ஜனவரி 19 அன்று. ஆனால் ஆள் சேர்க்கும் வேலை அதற்காகக் காத்திருக்கவில்லை. பள்ளி மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது என்று கையெழுத்திடும் நாள் முன்பு பிப்ரவரியில் இருந்தது. 2017இல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு தந்தார்கள். இப்போது பெரும்பாலான கையெழுத்துகள் டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரர்களுக்கான 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' 2026இல் ஜனவரி 2 அன்று திறந்து 16 அன்று மூடியது. அரையிறுதி ஆட்டங்களே ஜனவரி 8, 9 தேதிகளில்தான்!

இப்போது கோச் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் இடத்திலிருந்து பாருங்கள். ஜனவரி கடைசிவரை பொறுத்திருந்தால் கையெழுத்து நாளும் போச்சு, போர்ட்டலும் போச்சு. அடுத்த சீசனுக்கு ஆள் இருக்காது. அதனால் நவம்பரிலேயே பழையவரை அனுப்பிவிட்டு, அடுத்த அணியின் கோச்சைத் தூக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. காலேஜ் ஃபுட்பாலில் நல்ல பிள்ளையாக இருப்பவனுக்குத்தான் நஷ்டம்.

வைரிகள் வாரம்

நவம்பர் கடைசி வாரத்துக்கு இன்னொரு மகிமையும் உண்டு. வைரிகள் மோதும் வாரம் அது. ஒஹையோ ஸ்டேட்-மிச்சிகன், அலபாமா-ஆபர்ன் ஆட்டங்கள் எல்லாம் அப்போதுதான். 1907இல் வந்த சண்டையில் அலபாமாவும் ஆபர்னும் 1948 வரை ஒருவரோடு ஒருவர் ஆடவே இல்லை என்றால் கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த ஒரு ஆட்டம் கோச்சின் தலையெழுத்தையே மாற்றும். ஜான் கூப்பர் 1988 முதல் 2000 வரை ஒஹையோ ஸ்டேட்டின் கோச். 111 வெற்றிகள். ஆனால் மிச்சிகனோடு ஆடிய 13 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. 2001 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே ஒஹையோ ஸ்டேட், 2024 நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. தொடர்ந்து நான்காவது தோல்வி. கோச் ரையன் டேயை விரட்டவேண்டும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. 12 அணி பிளேஆஃபில் இடம் கிடைத்தது. 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று அதே டே, அதே பையன்களோடு தேசிய சாம்பியன் ஆனார். ஐம்பது நாள் பொறுமைக்குக் கிடைத்த பலன். நவம்பர் மாதத்துக் கோபத்தில் முடிவெடுத்திருந்தால் அந்தக் கோப்பை வந்திருக்குமா?

கணக்குப் பாடம்

காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சுவாரசியமான பகுதி இது. கோச்சின் ஒப்பந்தத்தில் 'பைஅவுட்' என்று ஒரு பிரிவு இருக்கும். காலம் முடியும் முன் பல்கலைக்கழகம் அவரை நீக்கினால் மீதிச் சம்பளத்தில் இவ்வளவு தரவேண்டும் என்று அது சொல்லும்.

டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. முந்தின நாள்தான் அவர் அணி 51-10 என்று ஜெயித்திருந்தது! அவருக்குத் தரவேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். முதல் அறுபது நாளில் ஒரு பெரிய தொகை, பிறகு 2031 வரை ஆண்டுதோறும் சுமார் 72 லட்சம் டாலர். அவர் வேறு வேலையில் சேர்ந்தாலும் இதில் ஒரு டாலர்கூடக் குறையாது. கையெழுத்துப் போட்ட அன்றே இது ஒரு எதிர்பாராப் பொறுப்பு, அதாவது கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்பில் பார்த்ததும் எந்த ஆடிட்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

பாடம் கற்றார்களா? 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பாக்கி சுமார் 4.9 கோடி டாலர். நல்லவேளையாக, வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் பாக்கி சுமார் 90 லட்சமாகச் சுருங்கியது. ஒரே ஒரு பிரிவு செய்த வேலை. அதே அக்டோபரில் எல்எஸ்யூ நீக்கிய கோச்சுக்குப் பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். யார் அவர்? 2021இல் நோட்டர் டேமை விட்டு ஓடி வந்த அதே பிரையன் கெல்லி. அவர் நாற்காலிக்குத்தான் கிஃபினைத் தூக்கினார்கள்.

பையன்களுக்கு என்ன?

இத்தனை ஒப்பந்தங்களிலும் மாணவனின் பெயர் எங்கும் இல்லை. கோச்சை நம்பித்தான் அவன் அந்த ஊருக்கே வந்திருப்பான். "உன் மகனை என் மகன் மாதிரி பார்த்துக்கொள்வேன்" என்று வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொல்லும் கோச்கள் உண்டு.

பல ஆண்டுகள் கோச் மறுநாளே வேலை மாறலாம், ஃபுட்பால் மாணவன் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்காரவேண்டும் என்ற நிலை இருந்தது. 2021இல்தான் அது தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் வருவாயில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26க்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதுவும் பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து! ஒரே ஒரு மனிதர் வேலை செய்யாமல் இருக்க 7.5 கோடி, நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேலை செய்ய 2 கோடி. பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

"இப்போதுதான் மாணவர்களும் சுதந்திரமாக மாறலாமே, சரிக்குச் சரி" என்பார்கள். சரிக்குச் சரி இல்லை. ஒரு வீரன் போனால் அணிக்கு ஒரு ஆள் குறையும். கோச் போனால் அவரோடு உதவியாளர்கள் போவார்கள், ஆட்டத் திட்டம் போகும், அடுத்த வருடம் சேர இருந்தவர்களும் போவார்கள். இந்தப் பையனுக்கு ஆடக் கிடைப்பது நான்கு சீசன். வாழ்நாளில் ஒரு முறை வரும் பிளேஆஃபைத் திரும்பத் தர யாராலும் முடியாது.

சரி, என்னதான் வழி?

பக்கத்திலேயே பதில் இருக்கிறது. என்எஃப்எல்லில் ஓர் அணியின் உதவிக் கோச்சை இன்னொரு அணி தலைமைப் பதவிக்கு எடுக்கலாம். ஆனால் அவருடைய அணியின் கடைசி ஆட்டம் முடியும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. காசுக்காகவே நடக்கும் லீகில் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஆட்டத்தில் இல்லை.

காரணம், காலேஜ் ஃபுட்பாலுக்கு ஒரு முதலாளி கிடையாது. மற்ற விளையாட்டுகளில் தேசிய சாம்பியன்ஷிப்பை நடத்துவது என்சிஏஏ. ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் மட்டும் பிளேஆஃபைக் கையில் வைத்திருப்பவை கான்ஃபரன்ஸ்கள். சம்பளத்துக்கு வரம்பு வைக்கவும் வழியில்லை. உதவிக் கோச்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்த என்சிஏஏ, போட்டிச் சட்டத்தின் கீழ் 1998இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

சம்பளத்தைத் தொடவேண்டாம், தேதியைத் தொட்டால் போதும். பிளேஆஃபில் உள்ள அணியின் கோச்சோடு அந்த அணியின் கடைசி ஆட்டம்வரை யாரும் ஒப்பந்தம் போடக்கூடாது என்று கான்ஃபரன்ஸ்கள் ஒன்றுகூடி முடிவெடுக்கலாம். கையெழுத்து நாளையும் போர்ட்டலையும் இறுதி ஆட்டத்துக்குப் பின்னால் தள்ளலாம். ஜனவரியில் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுமே, இடம் மாறும் மாணவன் எப்போது சேருவான் என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் ஒரே பதில்தான். பிளேஆஃபைச் சீக்கிரம் தொடங்கிப் புத்தாண்டுக்குள் முடிக்கவேண்டும். டிவிக்காக எத்தனையோ முறை மாற்றிய கேலண்டரை மாணவர்களுக்காக ஒரு முறை மாற்றக்கூடாதா?

கிஃபின் போனது தவறா என்று அமெரிக்காவில் இன்னும் சண்டை போடுகிறார்கள். அது வீண் சண்டை. நல்ல சம்பளமும் பெரிய பதவியும் வந்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். போகட்டும். ஆட்டம் முடிந்தபிறகு போகட்டும். 60 நிமிட ஆட்டத்தில் கடைசி விசில்வரை மைதானத்தை விட்டு வெளியேறக்கூடாது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தானே?