முதலாளியின் களைப்புக்கு மூச்சுப்பயிற்சி மருந்தா?

திருவனந்தபுரம் பழவங்காடி பிள்ளையார் கோயிலில் சிதறுதேங்காய் உடையும் ஓசை ஓய்வதில்லை. புதிதாகக் கடை திறப்பவரும் கடனில் தத்தளிக்கும் கடைக்காரரும் விக்கினம் நீங்க வேண்டி அங்கே தேங்காய் உடைக்கின்றனர். அருகிலேயே கிழக்கேகோட்டையின் துணிக்கடைகள், நகைக்கடைகள். சற்று நடந்தால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கம்போளம். தலைமுறைகளாக அங்கு வணிகம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல. விடியலில் சரக்கு இறக்குவதைப் பார்ப்பதிலிருந்து இரவில் கல்லாப்பெட்டியைப் பூட்டுவது வரை சிறு கடைக்காரரின் நாள் நீள்கிறது. வாடகை, வட்டி, சரக்கு வரி என்ற கணக்கு உறக்கத்திலும் அவரை விடுவதில்லை. அவருடைய களைப்பு பொய்யன்று. அதை ஏளனம் செய்வது இடதுசாரிகளின் வேலையும் அன்று.

கேள்வி அந்தக் களைப்புக்குச் சொல்லப்படும் மருந்தைப் பற்றியது. தொழில் நடத்துவோருக்கான நூல்களும் பயிலரங்குகளும் தியானம் செய்யுங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள், பொறுப்புகளைக் கீழே உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள் என்கின்றன. கீழே இருப்பவர் யார்? அவருடைய நாளிலும் 24 மணி நேரம்தான் உண்டு. முதலாளியின் தோளிலிருந்து இறங்கும் சுமை, பெரும்பாலும் ஊதிய உயர்வின்றியே, விற்பனையாளரின் தோளில் ஏறுகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீடிக்கும், சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்றது. காரணம் பணியிடத்தில் இருக்கையில் தீர்வை மூக்கின் நுனியில் தேடச் சொல்கிறார்கள்.

வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறன்று வேலை வாங்க முடியவில்லையே என்று எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் வருந்திய காணொளி 2025 ஜனவரியில் வெளிவந்தது. 2023-24இல் அவர் பெற்ற ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். அந்நிறுவன ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் 534 மடங்கு. அவருடைய 90 மணி நேரமும் கட்டுமானத் தளத்தில் கம்பி வளைப்பவரின் 90 மணி நேரமும் ஒன்றல்ல. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன.

ஆனாலும் மூலதனம் தன் சொந்த அதிபர்களையும் விட்டு வைப்பதில்லை. கஃபே காபி டே நிறுவனர் வி.ஜி.சித்தார்த்தா 2019 ஜூலையில் நேத்ராவதி ஆற்றில் உயிரிழந்தார். அவர் எழுதியதாக வெளியான கடிதம் கடன் கொடுத்தோரின் நெருக்கடியையும் தனியார் முதலீட்டாளர் ஒருவரின் அழுத்தத்தையும் பேசியது. நேரத்தைத் திட்டமிடத் தெரியாததால் வந்த துயரம் அன்று அது.

போட்டிதான் முதலாளியின் எசமானன் என்பதை முதலாளிகளே ஒப்புக்கொண்ட நிகழ்வு ஒன்றை மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில் குறித்து வைத்திருக்கிறார். 1863இன் தொடக்கத்தில், புகழ்பெற்ற வெட்ஜ்வுட் நிறுவனம் உள்ளிட்ட 26 பீங்கான் தொழில் நிறுவனங்கள் சட்டம் இயற்றுமாறு கோரி மனு அளித்தன. குழந்தைகளின் வேலை நேரத்தைத் தாமாக முன்வந்து குறைக்கப் போட்டி தங்களை விடவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். நல்ல மனம் படைத்த முதலாளியாலும் தனித்து நின்று கடிகாரத்தை நிறுத்த முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதை நிறுத்தச் சட்டத்தால்தான் முடியும்.

கேரளத்தில் சட்டம் அப்படி அசைந்ததுண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி.விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பினரும் தொடங்கிய போராட்டம், நாள் முழுதும் நின்றே விற்ற துணிக்கடைப் பெண்களுக்கு 2018இல் உட்காரும் உரிமையைப் பெற்றுத் தந்தது. தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றியது. உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவே இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பது வேறு கதை.

அதே 2018 திருத்தத்தின் இன்னொரு பகுதி போதிய விவாதமின்றிக் கடந்து போனது. கடைகளை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடியாக வேண்டும் என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி தளர்த்தப்பட்டது. தொழிலாளிக்கு வார விடுப்பு தந்தால் போதும், கடை எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்றானது. தொழிலாளியின் விடுப்பு காக்கப்பட்டது மெய்யே. ஆனால் முறைவைத்து விடுப்பு கொடுக்க பெருங்கடையிடம் நூறு பேர் உண்டு. கணவனும் மனைவியும் ஓர் உதவியாளருமாக நடத்தும் கடையில் யாரை மாற்றி யார் ஓய்வெடுப்பது? பொது மூடல் நாள் என்பது சிறு வணிகருக்கும் சட்டம் தந்த ஓய்வு நாள். அந்த ஒரு நாள் எதிர்க்கடையும் பூட்டியிருக்கும் என்ற நிம்மதி அதில் இருந்தது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் வந்த திருத்தம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தமிழ்நாட்டில் 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019இல் அரசாணை வந்தது. சலுகை யாருக்கு என்பதை அந்த 10 என்ற எண்ணே காட்டுகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவோ, தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தப் போராட்டத்தில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு பொது மூடல் நாள், இரவில் கடை அடைக்க ஒரு பொது நேரம், சிறு கடைகளுக்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் ஆகிய மூன்றையும் சாலைக் கம்போளத்தின் வியாபாரியும் அவர் கடையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேட்கலாம். அந்த மனுவை எழுதும் வேலையைத் தொழிற்சங்கங்கள்தாம் முதலில் தொடங்க வேண்டும்.