கணினித் திரையிலிருந்து பந்தயத் தடத்துக்கு: நாஸ்கார் கனவின் விலை என்ன?

புது டெல்லி: அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2024 மார்ச் 1 அன்று நடைபெற்ற நாஸ்கார் டிரக் பந்தயத்தில் 21 வயதான ராஜா கரூத் முதலிடம் பிடித்தார். நாஸ்காரின் தேசியத் தொடர்களில் வெற்றி பெற்ற மூன்றாவது கறுப்பின ஓட்டுநர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் வின்ஸ்டன்-சேலம் அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த மாணவர். பெரும்பாலான ஓட்டுநர்கள் பந்தயம் பழகத் தொடங்கும் வயதில் அவர் எந்தப் பந்தய வண்டியிலும் அமர்ந்ததில்லை. அவர் பந்தயம் கற்றது கணினித் திரையில்.

இந்த வெற்றி ஸ்டாக் கார் பந்தயத்தின் கதவு அனைவருக்கும் திறந்துவிட்டதைக் காட்டுகிறதா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அவருடைய தொடக்க ஆண்டுகளை நோக்கினால், கதவு ஓரளவே திறந்திருப்பது புலப்படும்.

ஐந்து வயதில் தொடங்கும் பயணம்:

1948-இல் நிறுவப்பட்ட நாஸ்கார் அமைப்பு தேசிய அளவில் மூன்று தொடர்களை நடத்துகிறது. உச்சியில் இருப்பது கப் தொடர். அதற்கு அடுத்த நிலையில் ஒரு தொடரும், மூன்றாவதாக டிரக் தொடரும் உள்ளன. இவற்றை எட்டுவதற்கு முன் சிறுவர் வண்டிகள், லெஜண்ட்ஸ் கார்கள், உள்ளூர்க் குறுந்தடங்களில் ஓடும் லேட் மாடல் கார்கள், ஆர்கா தொடர் எனப் பல படிகளைக் கடந்தாக வேண்டும்.

கப் தொடரில் நான்கு முறை சாம்பியனான ஜெஃப் கார்டன் ஐந்து வயதில் பந்தயம் ஓட்டத் தொடங்கியவர். மகனின் பந்தய வாய்ப்புகளுக்காக அவருடைய குடும்பம் கலிஃபோர்னியாவிலிருந்து இண்டியானாவுக்கே குடிபெயர்ந்தது. வண்டி, டயர், எஞ்சின், பயணம், பழுதுநீக்கும் பணியாளர்கள் என ஒவ்வொரு படியிலும் செலவு கூடுகிறது. தொடக்க நிலையில் அச்செலவைப் பெற்றோரே சுமக்கின்றனர். எனவே பிள்ளையின் திறமை வெளிப்படும் முன்பே குடும்பத்தின் வசதி பலரை வடிகட்டிவிடுகிறது.

திரை திறந்த வழி:

இந்தத் தடையைக் கணினி வழிப் பந்தயம் ஓரளவு தளர்த்தியது. ஐரேசிங் போன்ற மென்பொருள்கள் உண்மையான தடங்களை லேசர் கருவியால் அளந்து, அவற்றின் மேடுபள்ளங்களைத் திரையில் அப்படியே கொண்டுவருகின்றன. இரண்டு முறை டேடோனா 500 பந்தயத்தை வென்ற வில்லியம் பைரனும் இவ்வழியே வந்தவர்தான்.

வாஷிங்டன் நகரில் வளர்ந்த கரூத், இளையோருக்கான இணையவழிப் பந்தயத்தில் கவனம் பெற்றார். பின்னர் 2004-இல் தொடங்கப்பட்ட நாஸ்காரின் பன்முகத்தன்மைப் பயிற்சித் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பப்பா வாலஸ், கைல் லார்சன், டேனியல் சுவாரஸ் ஆகியோரும் இத்திட்டத்தில் பயின்றவர்கள். 2019-இல் லெஜண்ட்ஸ் காரில் கரூத்தின் உண்மையான பந்தய வாழ்க்கை தொடங்கியது. 1930-களின் கார்களைப் போன்று சிறிய வடிவில் செய்யப்பட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சினால் இயங்கும் வண்டி இது. 2022-இல் ரெவ் ரேசிங் அணிக்காக ஓட்டி, ஆர்கா தொடரின் புள்ளிப்பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றார்.

எனினும் திரை கற்றுத் தராதவை பல. வண்டிக்குள் தகிக்கும் வெப்பம், வளைவில் உடலை அழுத்தும் விசை, டயர் பிடி தளரும் கணத்தை இருக்கையில் உணர்ந்து அறிவது ஆகியவை தடத்தில் மட்டுமே வசப்படும். திரையில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். தடத்தில் மோதினால் அணியின் பட்ஜெட் கரைகிறது. அடுத்த பந்தயத்துக்கான வாய்ப்பும் அதனுடன் கரையக்கூடும். தாமதமாகத் தொடங்கியவர்கள் தவறு செய்து கற்பதற்கு இதனால் குறைந்த அவகாசமே கிடைக்கிறது.

வேகம் மட்டும் போதாது:

2023-இல் கரூத் ஜிஎம்எஸ் அணியில் சேர்ந்து டிரக் தொடரில் முழுப் பருவமும் ஓட்டினார். அவருடைய வண்டி வெண்டல் ஸ்காட் அறக்கட்டளையின் பெயரைத் தாங்கி ஓடியது. 1963-இல் ஜாக்சன்வில் தடத்தில் வென்று, நாஸ்காரின் உச்சத் தொடரில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பின ஓட்டுநர் ஸ்காட். அன்று வெற்றிக் கோப்பை வேறொருவரிடம் வழங்கப்பட்டது. ஸ்காட் 1990-இல் காலமானார். அவருடைய குடும்பத்தினருக்குக் கோப்பை கிடைத்தது 2021-இல்தான்.

அந்தப் பருவத்தின் முடிவில் ஜிஎம்எஸ் அணி மூடப்பட்டது. ஸ்பயர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியில் இடமும், ஹென்ட்ரிக் கார் விற்பனைக் குழுமத்தின் விளம்பர ஆதரவும் கிடைத்ததாலேயே 2024-இல் அவர் களத்தில் நீடித்தார். லாஸ் வேகாஸ் வெற்றி அதற்குப் பிறகு வந்தது. விளம்பர ஆதரவு வெற்றிக்கான பரிசாக வருவதைவிட, வெற்றிக்கான முன்நிபந்தனையாக அமைவதே இத்துறையின் நடைமுறை.

இந்திய அனுபவம்:

இந்தியாவிலிருந்து நாஸ்கார் தேசியத் தொடரில் முதன்முதலில் களமிறங்கியவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய அவரும், 2010-இல் டிரக் தொடரிலிருந்தே தொடங்கினார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த தமது முதல் பந்தயத்தில் 13-ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டு ரசிகர்கள் வாக்களித்து அவரை டிரக் தொடரின் மிகவும் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தனர். ஆயினும் மறு ஆண்டே அவர் ஃபார்முலா 1-க்குத் திரும்பினார்.

2025 மே மாதம் நாஷ்வில் தடத்தில் கரூத் மீண்டும் வென்றார். முதல் வெற்றி தற்செயலானதல்ல என்பதை அது உறுதிசெய்தது. எனினும் கணினியில் திறமை காட்டிய ஓர் இளைஞருக்குப் பயிற்சித் திட்டம், அணி, விளம்பர ஆதரவு ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் அமைந்ததையும் அவருடைய பயணத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் லாஸ் வேகாஸில் அவர் பார்வையாளராகவே இருந்திருப்பார். அத்தகைய ஆதரவு எத்தனை பேரை எட்டுகிறது என்பதைப் பொறுத்தே, கரூத்தின் வெற்றி ஒரு விதிவிலக்கா, மாற்றத்தின் தொடக்கமா என்பது முடிவாகும்.