கடலுக்கு மட்டும் ஏன் 100?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளது ஆறாம் அட்டவணையின்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அதே நீரைக் கடலோரத்தில் விட்டால் 100 வரை போகலாம். கடல் பெரியது, எதையும் கரைத்துவிடும் என்னும் நம்பிக்கையே இச்சலுகைக்கு அடிப்படை. 2017ஆம் ஆண்டின் அறிவிக்கை பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வரம்பை 20ஆக இறுக்கியது; ஆழ்கடல் குழாய்க்கு, நீர்த்தலின் பேரில், தனி வாசல் அதிலும் திறந்தே இருக்கிறது.

மும்பை அந்த நம்பிக்கையில் வளர்ந்த நகரம். வொர்லியிலும் பாந்த்ராவிலும் கழிவுநீரைச் சல்லடையில் வடித்து, மணலை நீக்கி, கடலடிச் சுரங்கத்தின் வழியே மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவிடும் முறை பல ஆண்டுகள் நடந்தது. நெகிழியும் கந்தையும் சல்லடையில் நின்றுவிடும். கரைந்த கரிமப்பொருள், நைட்ரஜன், பாஸ்பரஸ், மலக்கிருமிகள் யாவும் ஏறக்குறைய வந்தபடியே கடல் சேரும். இதற்கும் 'சுத்திகரிப்பு' என்றுதான் பெயர்.

திறந்த கடலில் நீரோட்டமும் வெயிலும் உப்பும் கிருமிகளைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் காட்கோபர், பாண்டுப் நிலையங்களின் நீர் சேருமிடம் தாணே உப்பங்கழி. மலாட் நிலையத்தினது மலாட் உப்பங்கழி. வற்றத்தில் வெளியேறியதன் ஒரு பகுதியை ஏற்றம் திரும்பக் கொண்டுவரும் இடங்கள் அவை. கலங்கிய நீரில் வெயிலும் ஆழம் இறங்காது. ஆழ்கடலுக்குரிய வாதத்தைக் கழிமுகத்துக்கு நீட்டுவது கணக்கு மோசடி.

தாணே உப்பங்கழியின் பூநாரைகளைக் காட்டி, நீர் நலமாக உள்ளது என்போர் உண்டு. அக்கழி 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கழிவுநீரின் ஊட்டச்சத்தால் பாசி பெருகுவதும், சிறு பூநாரை பாசியை உண்பதும் உயிரியல் மாணவர் அறிந்தவை. பறவைக் கூட்டம் நீரின் தூய்மைக்குச் சான்றாகாது.

2023 சனவரியில் ஏழு புதிய நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தத் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 246 கோடி லிட்டர். ஆகவே விமர்சனம் காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். நிலையம் தன்னிடம் வந்துசேரும் நீரைத்தான் சுத்திகரிக்கும். சாக்கடை இணைப்பே இல்லாத குடிசைப் பகுதிகளின் கழிவு மழைநீர்க் கால்வாய்களிலும் மித்தி ஆற்றிலும் இறங்கி, எந்த நிலையத்தையும் தொடாமல் கடல் சேர்கிறது. திறனைச் சொல்லும் எண் இதைச் சொல்லாது.

மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் சூன் 1 முதல் சூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் பெருகவேண்டும் என்பதற்காகக் கோலி மீனவர் 61 நாள் வருமானத்தை இழக்கின்றனர். அதே கரையில் குழாய்களுக்குத் தடைக்காலம் ஒரு நாள்கூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்கவேண்டிய ஆய்வுலகமோ, மீனவரைக் கட்டுரையின் இறுதிப் பத்தியில் 'பங்குதாரர்' என்று ஒருமுறை குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது.

ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு எழுதுவதை ஆய்வாளர் நிறுத்தவேண்டும். தாழ்வற்ற நேரத்தில், உப்பங்கழிக்குள், மீனவர் வலைவீசும் இடத்தில் மாதிரி எடுக்கப்படட்டும். ஒவ்வொரு வெளியேற்றுக் குழாயின் அன்றாட அளவீடும், மழைநாட்களில் சுத்திகரிக்கப்படாமல் திறந்துவிடப்படும் நீரின் அளவும், மராத்தியிலும் பொதுவெளியில் வைக்கப்படட்டும். குழாய் முனையில் எடுத்த எண்ணை மட்டும் ஏற்று ஒப்பமிடும் நிபுணர் குழுக்களில் பேராசிரியர்கள் இனி அமரலாகாது.