கடல்கோளைக் கொண்டாடுவோர் கவனத்திற்கு

தமிழிலக்கிய மேடைகளில் கடல்கோள் என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாறு, சிலப்பதிகாரம் சுட்டும் பஃறுளியாறும் குமரிக்கோடும், இந்திர விழாவை மறந்ததால் கடல் கொண்டதாக மணிமேகலை சொல்லும் புகார் நகரம் ஆகிய இவை இல்லாமல் நம் கருத்தரங்குகள் நிறைவுறுவதில்லை. அடியார்க்குநல்லார் குறிப்பிடும் 49 நாடுகளை மூச்சு விடாமல் விளக்கி, மூழ்கிய நிலத்துக்கு எல்லையும் வரைபடமும் வகுத்துக் கொடுக்கும் அறிஞர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: இன்று நம் கண்ணெதிரே கடல் அரித்துச் செல்லும் குப்பங்களில் பத்தின் பெயரையேனும் உங்களால் சொல்ல முடியுமா?

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கரையோரம் மாறிய விதத்தை ஆராய்ந்தது. தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடும் புதுச்சேரிக் கரையில் 56.2 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாக அந்த ஆய்வு கூறுகிறது. இது உரையாசிரியர் சொன்ன கதை அன்று. அளந்து பெற்ற கணக்கு. ஆயினும் நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் இந்தக் கடல்கோளுக்கு இடமில்லை.

கேட்டால், உலகம் வெப்பமாகிறது, கடல் உயர்கிறது, நாம் என்ன செய்ய இயலும் என்று விடை வருகிறது. கடல் உயர்வது உண்மைதான். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்னும் அளவுக்கு வேகமும் கூடியிருக்கிறது. இனி வரும் தலைமுறைக்கு இதுவே பெரும் அச்சுறுத்தலாக இருக்கும். ஆனால் இன்று இடிந்து விழும் வீடுகள் அனைத்துக்கும் துருவப் பனியையே குற்றவாளியாக்குவது, உள்ளூர்க் குற்றவாளிகளைத் தப்பவிடும் தந்திரமே ஆகும்.

சோழமண்டலக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய பயணமே மிகுதி. இந்தப் பாதையின் குறுக்கே கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் சேரும்; வடபுறம் கரை கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபோது தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரைந்தது. நூறாண்டு கழித்து, 1980-களின் பிற்பகுதியில், புதுச்சேரித் துறைமுகத்துக்கும் அதே வகைத் தடுப்புகள் கட்டப்பட்டன. நகரத்தின் மணற்கரை மறைந்தது. அரிப்பு எல்லை கடந்து வடக்கிலுள்ள தமிழ்நாட்டு மீனவ ஊர்களையும் தொட்டது. இதற்குப் பெயர் இயற்கைச் சீற்றமா?

வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் நகைக்கலாம். நம் ஊரை ஒட்டிக் கிடக்கும் பாலாறு நந்தி மலையில் பிறந்து, திருமுக்கூடலில் வேகவதியையும் செய்யாற்றையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 348 கிலோமீட்டர் நடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. வெள்ளக் காலத்தில் அது சுமந்து செல்லும் மணல்தான் கரைக்கு உணவு. நெசவு அறிந்த ஊர் இது. ஊடை இல்லாமல் பாவு மட்டும் சேலையாகாது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அலை பாவு என்றால் ஆற்றுமணல் ஊடை. அந்த ஊடையை அணைகளில் தேக்கினோம். மிச்சத்தை லாரிகளில் அள்ளினோம். 2003-இல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகும் அள்ளுவது நிற்கவில்லை. கடலுக்குப் போக வேண்டிய மணல் அடுக்குமாடிகளாகவும் மேம்பாலங்களாகவும் நிற்கிறது. ஆகவே கடலரிப்பின் ஒரு முனை நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

இந்நிலையில், கடலோர மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுகிறோம் என்று திரையும் ஒளிப்படக் கருவியுமாகப் புறப்படுவோரைக் காணும்போது சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றையும், நீவாடு என்று கடலோட்டத்தையும் பெயரிட்டு அறிந்த மக்களுக்குக் கடலைக் கற்பிக்க நாம் யார்? 2004-இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தபோது அதன் சொல்வளத்தை வியந்த நாம், அச்சொற்களுக்குள் ஓர் அறிவியல் இருப்பதைக் கவனித்தோமா?

அம்மக்களிடம் இல்லாதது கடலறிவு அன்று; காகித அறிவு. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில், கட்டடம் எழுப்பக் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்க 2019 அறிவிக்கை வழி செய்தது. இத்தகைய ஆவணங்கள் பெரிதும் ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே வளர்கின்றன. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. மொழியே தடுப்புச்சுவராக நிற்கும் இடத்தில் தமிழ்த் துறைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

மீனவர்களே தூண்டில் வளைவு கேட்கிறார்களே என்று மடக்குவோர் உண்டு. கேட்கத்தான் செய்வார்கள். நாளை விழப்போகும் வீட்டுக்காரரிடம் நூறாண்டுத் திட்டம் பேசுவது இரக்கமற்ற செயல். ஆனால் ஓர் ஊருக்குப் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைப் பறிக்கும் என்பதையும், கரை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதையும், தேங்கிய மணலைத் தடுப்பைக் கடத்தி மறுபுறம் சேர்க்கும் வழி உண்டு என்பதையும் ஆளுவோர் தமிழில், ஊர்க்கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். தெரிவுகள் அனைத்தையும் அறிந்தபின் அவர்கள் கேட்பதே உண்மையான கோரிக்கை.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. இனி இரங்கல் போதாது. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த் துறையும் ஆண்டுக்கு ஒரு கடலோர ஆவணத்தைத் தெளிவான தமிழில் பெயர்த்து ஊர்க்கூட்டங்களில் வாசித்துக் காட்டட்டும். மீனவர் சொற்களைத் தொகுத்து ஆய்வாளர் மேசையில் வைக்கட்டும். உள்நாட்டில் வாழும் நாம் பாலாற்றில் இறங்கும் லாரிகளைப் பார்த்து வாய் திறப்போம். புகார் அழிந்ததற்கு மணிமேகலை ஒரு தெய்வச் சாபத்தைக் காரணம் காட்டியது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.