பேசாத துயரமும் பிள்ளைகளைச் சேரும்

மனநலப் பிரிவுக்கு வருவோரிடம், "குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய தொல்லை இருந்ததா?" என்று மருத்துவர் கேட்பது வழக்கம். "இல்லை" என்று பலரும் உடனே கூறிவிடுகின்றனர். நோய் இல்லாதிருக்கலாம், ஆனால் பெருந்துயர் ஏதேனும் நேர்ந்திருக்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்லலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள். அன்று குழந்தைகளாக இருந்தோர் இன்று பெற்றோர் ஆகியிருப்பர். இத்தகைய கொடுமையைக் கண்ட குடும்பம் எதுவாயினும், அதன் துயரம் கண்டவரோடு முடிந்துவிடுவதில்லை. இரவில் அலறி எழும் தாய், காரணமின்றிச் சினக்கும் தந்தை, மதுவில் மறதியைத் தேடும் பாட்டன், மகளை வாசல் தாண்டவிடாத அச்சம் ஆகியவற்றினூடே குழந்தை வளர்கிறது. நடந்தது இன்னதென்று அறியாமலே அஞ்சக் கற்றுக்கொள்கிறது. பெரியோரின் சினத்துக்குத் தானே காரணம் என்றும் எண்ணிக்கொள்கிறது. போரின்போது தனிமனிதர் மட்டுமின்றிக் குடும்பமும் ஊருமே காயமுறுகின்றன என்பதை யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார்.

"பழம்புண்ணைக் கிளறாதே" என்பது நம் வீடுகளில் வழங்கும் அறிவுரை. அன்பினால் சொல்லப்படுவதே எனினும், அதனை முழுவதும் ஏற்க இயலவில்லை. மூடி மறைத்த புண் உள்ளே சீழ்பிடிப்பதை நாம் அறிவோம். வாச்சாத்திப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று, நடந்ததைத் தம் வாயால் சொன்னார்கள். வெட்கப்பட வேண்டியவர் கொடுமை செய்தவரே என்பதை ஊரறிய நிலைநாட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அது என்றே கருதுகிறேன்.

ஆயினும், எவரையும் வற்புறுத்திப் பேசவைத்தல் தகாது. அது தீங்கும் விளைக்கலாம். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதைத் துயருற்றவரே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு விவரங்கள் அனைத்தும் தேவையில்லை. "நம் குடும்பத்துக்கு ஒரு கொடுமை நேர்ந்தது, அதனால்தான் எனக்குச் சில நேரம் அச்சமும் கோபமும் வருகின்றன, அதில் உன் தவறு ஏதும் இல்லை" என்று சொன்னாலே பிள்ளையின் நெஞ்சிலிருந்து பெரும்பாரம் இறங்கும்.

நீதிமன்றம் இழப்பீட்டை அளிக்கலாம். இழந்த உறக்கத்தை மீட்க மருத்துவமும் துணைநிற்க வேண்டும். உறக்கமின்மை, திடுக்கிடல், தீராத சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவற்றுக்கு மனநல ஆலோசனையும், தேவைப்படின் மருந்தும் பயன் தரும். நீங்கள் கூறுவதை மறைவாகக் காக்க மருத்துவர் சட்டப்படியே கடமைப்பட்டவர். நேரில் வரத் தயங்குவோர் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த முறை மருத்துவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது சற்றே நிதானியுங்கள். நோயின் பெயர் தெரியவில்லையெனினும், நேர்ந்ததைச் சொல்லலாம்.